மூன்றாம் நாள் பால் கட்டும்

வணக்கம் ஐயா,

நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். எங்கள் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் அடுத்தடுத்துப் பச்சிளங்குழந்தைகள் இறந்த விஷயம் இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது. மஞ்சக்குப்பத்தில் மெழுகுவத்தி ஏந்தினோம், கொஞ்சம் பணமும் திரட்டினோம். ஒரு குடும்பம் உடலை வாங்க மாட்டோம் என்று உட்கார்ந்திருக்கிறது. அடுத்து கலெக்டர் ஆபீஸ் முற்றுகை என்கிறார்கள் நண்பர்கள். அந்தப் பெற்றோருக்கு உண்மையாகவே உதவுகிற மாதிரி நாங்கள் என்ன செய்யலாம்?

க.

அன்புள்ள க.,

முற்றுகை இருக்கட்டும். உடலை வாங்காமல் உட்கார்ந்திருக்கும் குடும்பத்திடம் முதலில் போங்கள். அவர்கள் கேட்க வேண்டியவை மூன்று: போலீஸில் எழுத்துமூலமான புகார், அதற்கு ரசீது, வீடியோ பதிவுடன் பிரேதப் பரிசோதனை. இவை கிடைத்துவிட்டால் அதற்குமேல் காத்திருப்பதில் லாபம் இல்லை. பச்சிளங்குழந்தையின் உடல் சீக்கிரம் கெடும், தடயமும் கூடவே போகும். பரிசோதனை இல்லாமல் புதைத்துவிட்டாலோ பிறகு தாசில்தார் முன்னிலையில் தோண்டித்தான் எடுக்க வேண்டும். இன்னொன்று, கூட்டத்தில் யாராவது கல்லெறிந்தால் 2008ஆம் ஆண்டு மருத்துவமனைப் பாதுகாப்புச் சட்டம் பாயும். அதில் ஜாமீன் எளிதில் கிடைக்காது. குழந்தையைப் பறிகொடுத்த அப்பாவே முதல் குற்றவாளியாக நிற்பார். உடன் வருபவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அடுத்தது தாள்கள். நோயாளி தரப்பு எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளின் நகலைத் தர வேண்டும் என்பது மருத்துவ கவுன்சிலின் 2002 ஒழுங்குமுறை. ‘டிஸ்சார்ஜ் சம்மரி’ மட்டும் வாங்கி வந்தால் போதாது. கேஸ் ஷீட், நர்ஸ் குறிப்புகள், எந்த மருந்து எத்தனை மணிக்கு என்ற சார்ட், பிரசவ வலியின் போக்கைக் குறிக்கும் பார்ட்டோகிராஃப், ரெஃபர் சீட்டு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். குழந்தையின் இதயத்துடிப்பைப் பதிந்த சி.டி.ஜி. தாள்தான் பல வழக்குகளில் உயிர்நாடி. அது வெப்பத்தில் அச்சாகும் தாள், பீரோவில் வைத்திருந்தாலும் நாளாக ஆக எழுத்து வெளிறிவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்தால் சூட்டில் முழுத்தாளும் கறுத்துப்போகும். கையில் கிடைத்த அன்றே ஜெராக்ஸ் எடுத்து, போட்டோவும் பிடியுங்கள். மருந்துக்கடை பில்லும் இதே ரகம்தான்.

கடலூரில் பிறந்து, மூச்சுத்திணறி புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டு அங்கே இறந்த குழந்தைகள் இருந்தால் பிறப்புப் பதிவு தமிழ்நாட்டில், இறப்புப் பதிவு புதுச்சேரியில். எங்கே இறந்ததோ அங்கேதான் 21 நாளுக்குள் பதிய வேண்டும். இறப்புக்கான காரணம் எழுதிய மருத்துவச் சான்றின் நகலை உறவினருக்குத் தர வேண்டும் என்பது 2023 திருத்தத்தில் வந்திருக்கிறது. பலர் கேட்பதே இல்லை.

காசு கட்டி வைத்தியம் பார்த்திருந்தால் 2 வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். மருத்துவமனைக்குக் கட்டிய தொகை 5 லட்சம் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. இலவச அரசு மருத்துவமனைக்கு இந்த வழி பொருந்தாது, அதற்கு உயர்நீதிமன்றமோ மனித உரிமை ஆணையமோதான். மனித உரிமை ஆணையத்தில் ஒரு வருடக் கெடு. கிரிமினல் வழக்கென்றால் வேறொரு தகுதியான மருத்துவரின் கருத்து வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் சொல்லிவிட்டது. டாக்டரைப் போலீஸ் உடனே கைது செய்யாததற்குக் காரணம் எப்போதும் மாமூல் அல்ல. தாய்க்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. 15100க்குப் பேசச் சொல்லுங்கள்.

இனி அந்தத் தாய். பெரியவர் இறந்தால் பால் தெளிப்பு, பதினாறு என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். பிறந்த குழந்தைக்குக் காரியம் இல்லை. ராத்திரியோடு ராத்திரியாக அப்பா கெடிலம் ஆற்றங்கரையில் புதைத்துவிட்டு வந்துவிடுவார், தாய் தையலோடு வார்டில் கிடப்பாள். மூன்றாம் நாள் வாக்கில் பால் கட்டும். பிரசவ வார்டில் இதை அவளிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வலி அடங்கும் அளவுக்கு மட்டும் பீய்ச்சலாம், முழுக்கப் பீய்ச்சினால் இன்னும் சுரக்கும். குளிர்ந்த துணி வைக்கலாம். இறுக்கிக் கட்டக் கூடாது. பாட்டிமார் மல்லிகைப்பூ வைத்துக் கட்டச் சொல்வதைச் சிரித்துத் தள்ள வேண்டாம். 1988இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பால் கட்டுவதைக் குறைப்பதில் பால் சுரப்பை நிறுத்தும் புரோமோகிரிப்டின் மாத்திரைக்கு அது ஈடுகொடுத்தது. அதே வேலை செய்யும் காபர்கோலின் மாத்திரையை டாக்டர்தான் எழுத வேண்டும், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது ஆகாது. காய்ச்சலோடு மார்பு சிவந்தால் அன்றே காட்ட வேண்டும். ஜிப்மரில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது, ஆனால் தானம் பற்றி நீங்களாகப் பேச்செடுக்காதீர்கள். அவள் கேட்டால் சொல்லலாம். இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் கிடந்தால் மனநல உதவி எண் 14416க்கு அழையுங்கள், தமிழில் பேசுவார்கள்.

இங்கிலாந்தில் லிவர்பூலின் ஆல்டர் ஹே மருத்துவமனையில், இறந்த குழந்தைகளின் உறுப்புகளைப் பெற்றோருக்குத் தெரியாமல் எடுத்து வைத்திருந்தது 1999இல் வெளியே வந்தது. மருத்துவமனை தகவலைத் துண்டுதுண்டாகத் தந்ததால் சில பெற்றோர் ஒரே குழந்தையைத் திரும்பத் திரும்பப் புதைக்க வேண்டியிருந்தது. அவர்களே சங்கமாகத் திரண்டார்கள். 2001இல் ரெட்ஃபெர்ன் விசாரணை அறிக்கை வந்தது, 2004இல் உடல் திசுச் சட்டம் வந்தது. உங்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது: எந்தச் செய்தியையும் அப்பாவிடம் பாதி, மாமாவிடம் பாதி என்று சொல்லாதீர்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரே ஆள் பேசட்டும், கிடைத்ததை முழுதாகச் சொல்லட்டும்.

திரட்டிய பணத்தை கேமரா முன்னால் கொடுக்க வேண்டாம். நகல் செலவு, பஸ் செலவு, மருத்துவக் கருத்துக்கான கட்டணம் என்று 2 வருடத்துக்கு அது நீடிக்க வேண்டும். ஃப்ளெக்ஸில் குழந்தை படம் போடுவதற்கு அப்பா சரி என்றால் மட்டும் போதாது, அம்மாவிடமும் கேளுங்கள். ‘எங்களுக்குப் புகார் எதுவும் இல்லை’ என்று எழுதிய தாளோடு யாராவது காசு நீட்டினால், வக்கீல் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்று இரு வீட்டாரிடமும் சொல்லிவையுங்கள்.

ஒரு சின்ன வேலை பாக்கி. அந்தந்தப் பகுதி கிராம சுகாதார நர்ஸிடம் போய், பிக்மி என்ற கர்ப்பிணி-குழந்தை கண்காணிப்புப் பதிவில் குழந்தையின் இறப்பை ஏற்றியாயிற்றா என்று கேளுங்கள். ஏற்றவில்லையென்றால் 45ஆம் நாள் ஊசிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்லி அந்தத் தாயின் போனுக்குத்தான் அழைப்பு வரும்.