பிரிக்பீல்ட்ஸ் புத்த விகாரையைக் கட்டியது யார்? அது எப்படி இவ்வளவு வளர்ந்தது?

கோலாலம்பூரில் தமிழ்க் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸுக்குள் ஒரு சிங்கள விகாரை எப்படி வந்தது, அங்கே ஏன் சீனர்கள்தான் அதிகம் தெரிகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த விகாரைக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எல்லாம் ரயிலில் தொடங்குகிறது. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் போகும் பாதை 1886இல் திறக்கப்பட்டது. கணக்கு எழுதவும் தந்தி அடிக்கவும் ஸ்டேஷனைப் பார்த்துக்கொள்ளவும் ஆங்கிலம் படித்தவர்கள் வேண்டியிருந்தது. பிரிட்டிஷார் இலங்கையிலிருந்து ஆட்களை வரவழைத்தார்கள். அவர்களில் யாழ்ப்பாணத்தார் அதிகம், சிங்களவர் குறைவு. என் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ரயில்வே கிராணி, அதாவது எழுத்தர். அவருக்கு அடுத்த மேசையில் இருந்தவர் ஒரு சிங்களவர் என்று அப்பா சொல்வார்.

வேலை கிடைத்துவிட்டது. சரி, பிள்ளைக்குப் பெயர் வைக்க எங்கே போவது? செத்தவருக்கு யார் ஓதுவது? அந்தச் சிறு சிங்களச் சமூகம் 1894இல் ஒரு சங்கம் அமைத்தது. அதன் பெயர் சாசன அபிவிருத்தி வர்த்தன சங்கம். பெயரைப் படிக்கும்போதே நமக்குப் பாதி புரிந்துவிடுகிறது, இல்லையா? சாசனம் என்றால் இங்கே புத்தரின் போதனை. விகாரையைக் கட்டியது அந்தச் சங்கம்தான், இன்றுவரை நடத்துவதும் அதுதான். யாழ்ப்பாணத்தார் கொஞ்ச காலம் கழித்து அதே வட்டாரத்தில், ஸ்காட் சாலையில், கந்தசுவாமி கோயிலை எழுப்பினார்கள். ஒரே அலுவலகத்தில் சம்பளம் வாங்கியவர்கள் நடக்கும் தூரத்தில் ஆளுக்கொரு கோயில் கட்டியிருக்கிறார்கள். விகாரை இருக்கும் தெருவின் பெயர் ஜாலான் பெர்ஹாலா. பெர்ஹாலா என்றால் மலாயில் விக்கிரகம்.

பல ஆண்டுகள் அது ஒரு சிறு சமூகத்தின் கோயிலாகவே இருந்தது. 1929இல் ஞாயிற்றுக்கிழமை தர்மப் பள்ளி தொடங்கினார்கள். என் கணிப்பில் விகாரையின் பிற்கால வளர்ச்சிக்கு விதை அங்கேதான் விழுந்தது, ஆனால் முளைக்க நாளாயிற்று.

திருப்பம் 1952இல். இலங்கையின் மாத்தறைப் பக்கத்துக் கிரிந்தையில் பிறந்து, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் இந்தியத் தத்துவம் படித்த கே. ஸ்ரீ தம்மானந்தர் என்ற பிக்கு அந்த ஆண்டு ஜனவரியில் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு 32 வயது. மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. அவர் ஆங்கிலத்தில் பேசினார் என்பதுதான் இங்கே முக்கியம். இந்நாட்டுச் சீனர்களில் ஆங்கிலப் பள்ளியில் படித்த ஒரு தலைமுறை இருந்தது. வீட்டில் பாட்டி ஊதுபத்தி ஏற்றுவார், ஆனால் எதற்கு ஏற்றுகிறோம் என்று இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆளில்லை. சீன எழுத்தில் இருக்கும் சூத்திரங்களை அவர்களால் படிக்கவும் முடியாது. அவர்களுக்குப் புரியும் மொழியில் ஒருவர் பேசியதும் விகாரை நிரம்பியது. 1962இல் அவர் பௌத்த மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார். எளிய ஆங்கிலத்தில் சின்னச் சின்னப் புத்தகங்கள் எழுதினார், அவை இலவசமாகவே கைமாறின. 2006 ஆகஸ்ட் 31, நாட்டின் சுதந்திர நாளன்று, 87 வயதில் மறையும்வரை இங்கேயே இருந்தார்.

கூட்டத்தின் முகம் மாறியபோது, 'இது எங்கள் கோயில், நீங்கள் யார்' என்று கதவைச் சாத்தாமல் இருந்தார்களே, அதை நான் மிகவும் மதிக்கிறேன். சங்கம் சிங்களவர் கையில், ஓதுவது பாலி மொழியில், பேச்சு ஆங்கிலத்தில், கும்பிட வருபவர்கள் பெரும்பாலும் சீனர்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த 1983 கலவரத்துக்குப் பிறகு அப்பா விகாரைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார். கொழும்பில் எங்கள் உறவினர் வீடு எரிந்திருந்தது. எங்கள் வீட்டு வரிசையில் ஒரு சிங்கள அங்கிள் குடியிருந்தார். அவர்களுக்கும் நமக்கும் சித்திரைப் புத்தாண்டு ஒரே நேரம்தான், ஆண்டுதோறும் பாற்சோறு கொண்டுவருவார். 1984 ஏப்ரலிலும் தட்டோடு வந்து கேட்டருகில் நின்றார், உள்ளே வரவில்லை. அப்பா நாற்காலியிலிருந்து எழவில்லை. அம்மாதான் போய் வாங்கிக்கொண்டார். வெறும் தட்டைத் திருப்பித் தரக்கூடாது என்று முறுக்கும் பயத்தம் பணியாரமும் வைத்துக் கொடுத்தார். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அப்பா மறுபடி புத்தர் பிறப்பைக் கொண்டாடும் வெசாக் ஊர்வலம் பார்க்கத் தெருமுனைக்கு வர ஆறேழு வருஷம் ஆயிற்று. அன்றும் அந்த அங்கிள் பக்கத்தில்தான் நின்றார். விகாரையைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தத் தட்டுதான்.

நீங்கள் தாராளமாக உள்ளே போகலாம், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். காலணியை வெளியே விட்டுவிடுங்கள். வெசாக் அன்று போவதானால் காரை எடுக்காதீர்கள், நிறுத்த இடம் கிடைக்காது. கே.எல். சென்ட்ரலில் ரயிலைவிட்டு இறங்கி நடந்தே போய்விடலாம்.