குடும்பமே நடத்திவரும் பேக்கிங் இயந்திர நிறுவனங்களில் உங்களை வியக்க வைத்த வரலாறு எது?

ஜப்பானின் கியோட்டோ நகரத்து இஷிதா.

நான் 11 வருடமாக முறுக்கு, மிக்சர், சிப்ஸ் போடும் ஓர் ஆலையில் பேக்கிங் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். அங்கே இருக்கும் 14 தலை எடை இயந்திரத்தை மல்டிஹெட் என்போம். அந்த வகை இயந்திரத்தை உலகத்திலேயே முதலில் செய்தவர்கள் இஷிதாக்காரர்கள். அவர்கள் கதையைத் தேடிப் படித்த பிறகு, தினமும் பார்க்கிற இயந்திரத்தையே வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன்.

கதை தராசில் தொடங்குகிறது. எடோ காலம் எனப்படும் பழைய காலத்து (1603–1868) ஜப்பானில் நினைத்தவரெல்லாம் தராசு செய்துவிட முடியாது. கிழக்கே 33 மாகாணங்களுக்கு ஷுசுய் குடும்பம், மேற்கே 33 மாகாணங்களுக்குக் கியோட்டோவின் ஜின் குடும்பம். இந்த இரண்டு வீட்டாருக்கு மட்டுமே அந்த உரிமை. நம் ஊரில் வெள்ளிக்கோல் என்று ஒன்று உண்டே, கோலில் குண்டை நகர்த்தி எடை பார்ப்பது, ஏறக்குறைய அந்த வகைத் தராசுதான் அங்கும் கடைகளில் புழங்கியது. அதன்பின் மெய்ஜி பேரரசரின் ஆட்சி வந்து அந்தத் தனியுரிமைக்கு முடிவு கட்டியது. 1891-ல் எடை அளவுச் சட்டம் போட்டு, 1893-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதே 1893-ல் இஷிதா குடும்பம் கியோட்டோவில் தராசுத் தொழிலில் இறங்கியது. பல தலைமுறை ஒரே குடும்பத்துக்குள் பூட்டிக் கிடந்த தொழில் கதவு திறந்ததும், அதே ஊரில் இன்னொரு குடும்பம் உள்ளே வந்திருக்கிறது!

அடுத்த சில பத்தாண்டுகளை வேகமாகத் தாண்டிவிடலாம், தராசுதான், விதவிதமான தராசு. எனக்குப் பிடித்த இடம் 1972.

குடைமிளகாய் விளைவிக்கும் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒரு தலைவலி. குடைமிளகாயை ஒரே எடையுள்ள பைகளாகப் போட வேண்டும். பைக்கு 150 கிராம் என்று வைத்துக்கொள்வோம். காய் ஒன்று 30 கிராமும் இருக்கும், 40 கிராமும் இருக்கும். நாலு காய் போட்டால் 140, ஐந்தாவதைப் போட்டால் 175. காயை நறுக்கியா போட முடியும்? அதனால் பை போடுகிறவர் ஒரு காயை எடுத்துவிட்டுச் சற்றுப் பெரிய காயை வைப்பார், தராசைப் பார்ப்பார், மறுபடி மாற்றுவார். நாள் முழுக்க அதே வேலை.

இஷிதா கண்ட வழி இது. ஒரு பெரிய தராசுக்குப் பதிலாக வரிசையாகப் பல சின்னத் தராசுகள். இவற்றைத்தான் தலை என்கிறோம். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் சரக்கு விழும். எல்லாவற்றின் எடையையும் கணினி வாங்கிக்கொண்டு, எதை எதோடு சேர்த்தால் வேண்டிய எடைக்கு மிக அருகில் வரும் என்று கணக்குப் போடும். அந்தத் தராசுகளின் வாய் மட்டும் திறக்கும், சரக்கு கீழே பைக்குள் இறங்கும். காலியானவை மறுபடி நிரம்பும். பத்துத் தலை இருந்தால் 1,023 விதமாகச் சேர்த்துப் பார்க்கலாம். 14 தலை என்றால் 16,383. ஒவ்வொரு தலையிலும் விழும் சரக்கு ஏறுக்குமாறாக இருப்பதுதான் இங்கே பலமே. எல்லாத் தலையிலும் ஒரே எடை விழுந்தால் சேர்த்துப் பார்க்க என்ன இருக்கிறது?

79 வருடம் தராசு செய்தவர்கள் என்பதால்தான் அவர்களுக்கு இது பிடிபட்டது என்று நான் நம்புகிறேன். தராசை எவ்வளவு துல்லியமாக்கினாலும் குடைமிளகாய் சின்னதும் பெரியதுமாகத்தான் விளையும். அது தெரிந்தவர்கள், பை போடுகிறவரின் கை செய்த வேலையைப் பார்த்து, அதையே இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

இதன் அருமை எங்கள் ஆலையில் மல்டிஹெட் வருவதற்கு முன் இருந்தவர்களுக்குத் தெரியும். அக்காமார் மேசைத் தராசில் முறுக்கை வைத்து, ஒன்றை எடுத்து ஒன்றைப் போட்டு நிறுப்பார்கள். எடை குறையக் கூடாது என்று எப்போதும் கொஞ்சம் கூடத்தான் போகும், கொசுறு மாதிரி. 200 கிராம் பாக்கெட்டில் ஐந்து கிராம் கூடப் போனால் பத்தாயிரம் பாக்கெட்டில் 50 கிலோ. மாலைக்குள் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அந்த வலி போனதுதான் எனக்குக் கிலோ கணக்கைவிடப் பெரிது. அவர்களில் இரண்டு பேர் இன்று அதே இயந்திரத்தை ஓட்டுகிறார்கள்.

குடும்பத்துக்கு வருகிறேன். ரியூயிச்சி இஷிதா நெடுங்காலம் தலைமையில் இருந்தார். அவருக்குப் பின் தகஹிதே இஷிதா வந்தார். பையை உருவாக்கி ஒட்டும் இயந்திரம், பாக்கெட்டின் எடையைச் சரிபார்க்கும் இயந்திரம், எக்ஸ்ரே சோதனை என்று வரிசை நீண்டாலும் எல்லாம் எடையைச் சுற்றியே வருகிறது. 'சம்போ யோஷி' என்ற பழைய வணிகர் வாக்கைத்தான் நிறுவனக் கொள்கையாக வைத்திருக்கிறார்கள்: விற்பவருக்கும் நல்லது, வாங்குபவருக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது. இது ஓமி வணிகர்களின் வழி என்பார்கள். இஷிதாவின் தொழிற்சாலை இருக்கும் ரித்தோ, அந்தப் பழைய ஓமி நாடாகிய இன்றைய ஷிகா மாகாணத்தில்தான் இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

சரி, கடைசியாக ஒன்று. மசாலா எண்ணெய் பிசுபிசுத்து ஒரு தலை மக்கர் செய்தால் அதை நிறுத்திவிட்டு மற்ற 13-ஐ ஓட்டலாம். ஆனால் 16,383 என்பது 8,191 ஆகிவிடும், பாதி! கொசுறு மெல்ல ஏறும். இதைப் புதிதாகச் சேரும் பையன்களுக்கு வாயால் சொன்னால் புரிவதில்லை. அதனால் முதல் நாள் பத்துக் கிண்ணத்தில் முறுக்குத் துண்டுகளை நிரப்பி, ஒவ்வொன்றின் எடையையும் சீட்டில் எழுதி வைத்து, "இதிலிருந்து 200 கிராம் சேர்த்துக் கொடு தம்பி" என்பேன். ஐந்து நிமிடம் திண்டாடிய பிறகு இரண்டு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, "இப்போது சேர்" என்பேன்.