பழைய ஃபோர் வீல் டிரைவ், பின்னால் ஒரு டிரெய்லர்: கேள்வி பதில்

கேள்வி அனுப்பச் சொன்னதும் வந்து குவிந்துவிட்டன. கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (இன்ஜின் சக்தியை முன் பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் பெட்டி), சேஸிஸ் மூன்றும் என் பிழைப்பு. அவற்றைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவேன். சீட் கவர், ஸ்பீக்கர், வண்டியின் நிறம் பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும்.

படகோட்டி: படகும் டிரெய்லருமாக 2.2 டன் வரும். ஒரு டபுள் கேப் பிக்கப் பார்த்திருக்கிறேன். 3.5 டன் இழுக்கும் என்று போட்டிருக்கிறது. தாராளம்தானே அண்ணே?

உங்கள் படகுக்குப் போதும். ஆனால் அந்த 3.5 டன்னை நம்பி முடிவெடுக்காதீர்கள். கையேட்டில் இன்னும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று ஜிவிஎம்: ஆள், சாமான் எல்லாம் ஏறியபின் வண்டி மட்டும் இருக்கலாம் என்கிற எடை. இன்னொன்று ஜிசிஎம்: வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து இருக்கலாம் என்கிற எடை. விற்பவர் சொல்லாமல் விடுவது இந்த இரண்டாவதைத்தான்.

ஒரு கணக்குப் போடுவோம். வெறும் வண்டி 2.2 டன், ஜிவிஎம் 3.2, ஜிசிஎம் 6 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் முழு 3.5 டன்னைக் கட்டினால் வண்டிக்கு மிச்சம் 2.5 டன். அதாவது ஆட்கள், சாமான், முன்னால் மாட்டிய புல் பார் (இரும்புத் தடுப்பு) எல்லாம் சேர்த்து 300 கிலோ. ஐந்து பெரியவர்கள் ஏறினாலே வரம்பு தாண்டிவிடும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் எண், வண்டி கிட்டத்தட்டக் காலியாக இருந்தால் மட்டும் செல்லும் எண்.

அடுத்தது டோ பால், அதாவது டிரெய்லரை மாட்டும் உருண்டை, அதன் மேல் இறங்கும் எடை. டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று வையுங்கள், உங்களுக்கு 220 கிலோ. டோ பால் பின் அச்சுக்கும் பின்னால் தள்ளி இருக்கிறது. எனவே அது அங்கே அழுத்தும்போது வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கும். வீல்பேஸ் (முன் பின் அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம்) 3.1 மீட்டர், அச்சிலிருந்து டோ பால் வரை 1.2 மீட்டர் என்றால் 220 கிலோ இறங்கும்போது பின் அச்சில் ஏறுவது சுமார் 305 கிலோ. முன் சக்கரத்திலிருந்து 85 கிலோ கழிந்துவிடும். ஸ்டியரிங் இலேசாவதும் எதிரே வருபவர் ஹெட்லைட்டைப் பார்த்துத் திட்டுவதும் இதனால்தான்.

வாங்கியபின் படகில் இன்ஜின், எரிபொருள், நங்கூரம் எல்லாம் வைத்து ஒருமுறை எடைமேடையில் ஏற்றுங்கள். இதை இன்று பலமுறை சொல்வேன்: எடைமேடை, எடைமேடை.

குதிரைக்காரி: இரண்டு குதிரைகள். தார்ச்சாலைதான் பெரும்பாலும். ஃபோர் வீல் அவசியமா?

சாலைக்கு அவசியமில்லை. ஈரப் புல்வெளியில் நிறுத்தியிருந்து கிளம்ப வேண்டுமென்றால் அவசியம். குதிரை ஒன்று 500 கிலோ, டிரெய்லர் ஒரு டன்னுக்குக் கொஞ்சம் கீழே என்றால் 2 டன் சுமை. அந்தச் சுமை உள்ளே நின்றபடி கால் மாற்றிக்கொண்டே இருக்கும். உங்களுக்குக் குதிரைசக்தியை விட வண்டியின் சொந்த எடையும் நீளமான வீல்பேஸும் முக்கியம். குட்டையான மூன்று கதவு வண்டியைத் தவிருங்கள்.

புதுசு: எந்த கம்பெனி வண்டி நம்பகமானது?

கம்பெனியைக் கேட்டால் பதில் இல்லை. எந்த இன்ஜின், எந்த வருடம், யார் வைத்திருந்தார் என்று கேட்டால் உண்டு.

டொயோட்டா என்றாலே கண்ணை மூடி வாங்குகிறார்கள். லேண்ட் குரூசரின் 1எச்இசட் இன்ஜின், டர்போ இல்லாத 4.2 லிட்டர், ஆறு சிலிண்டர், உழைக்கும். ஆனால் கேரவனை (தங்கும் வசதியுள்ள டிரெய்லர்) கட்டி மேட்டில் ஏறினால் பின்னால் ஊர்வலமே சேர்ந்துவிடும். பிராடோ, ஹைலக்ஸில் வந்த 3.0 டீசல் 1கேடி நல்ல இன்ஜின்தான். இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் செம்பு வாஷர் கசிந்தால் எரிந்த புகை ஆயிலுக்குள் இறங்கும். கரி திரண்டு ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைக்கும். அப்புறம் ஆயில் இல்லாமல் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். வாஷர் மாற்றிய பில் இருக்கிறதா, டைமிங் பெல்ட் 1,50,000 கிலோமீட்டரில் மாற்றினார்களா, இரண்டையும் கேளுங்கள்.

நிசான் பேட்ரோலில் 4.2 டீசல் கிடைத்தால் யோசிக்காதீர்கள். அதே வண்டியின் 3.0 டீசல், அதுவும் 2000ஐ ஒட்டிய தொடக்ககாலத்தது, பிஸ்டன் உருகுவதில் பேர் வாங்கியது. மிட்சுபிஷி பஜேரோ 3.2 டீசலை மதிப்புக்குக் குறைவாகவே விற்கிறார்கள், எனக்குப் பிடித்த வண்டி. ஒரே எச்சரிக்கை: சில நாடுகளின் கையேட்டில் டிரெய்லர் 2.5 டன்னைத் தாண்டினால் டோ பால் எடை வரம்பு 180 கிலோவாகக் குறைகிறது. லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3 இழுக்கும் சுகம் வேறு எதிலும் இல்லை. ஆனால் அதன் 2.7 டீசலில் கிராங்க் ஷாஃப்ட் உடைந்த கதைகள் ஏராளம். பணத்தையும் பொறுமையையும் தனியே எடுத்து வைத்திருப்பவர் வாங்கலாம்.

மலைப்பாதை: ஃபுல் டைம், பார்ட் டைம். எது நல்லது?

பார்ட் டைமில் ஃபோர் வீல் போட்டால் முன் பின் அச்சுகள் இறுக்கிப் பூட்டப்படும், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் (சுருக்கமாக டிஃப்) நடுவில் கிடையாது. திரும்பும்போது முன் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். மண்ணில் சறுக்கிச் சமாளித்துக்கொள்ளும், காய்ந்த தாரில் முடியாது. அந்த முறுக்கு டிரான்ஸ்ஃபர் கேஸில் சேரும். மழையில் வழவழக்கும் தாரில் சுமை இழுப்பவருக்கு சென்டர் டிஃப் உள்ள ஃபுல் டைம்தான் நிம்மதி. பஜேரோவின் சூப்பர் செலக்ட் என்கிற ஃபோர் வீல் அமைப்பு இரண்டையும் தருவதால்தான் மேலே அதைப் புகழ்ந்தேன். ஃபுல் டைம் வண்டியில் நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு புதுசு, இரண்டு வழுக்கை என்றால் சென்டர் டிஃப் ஓயாமல் வேலை செய்து தேய்ந்திருக்கும்.

கவனமானவன்: வண்டி பார்க்கப் போகும்போது முதலில் எதைப் பார்ப்பது?

பின்பக்கம் குனியுங்கள். பானெட்டைக் கடைசியில் திறந்தால் போதும்.

“இதில் எதையும் கட்டி இழுத்ததே இல்லை” என்பார். டோ பால் மேல் பெயின்ட் போய் வெள்ளியாக மின்னினால் இழுத்திருக்கிறது. அதைப் பூட்ட ஊசி (pin) போடும் துளை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் நீண்டிருந்தால் நிறைய இழுத்திருக்கிறது. டிரைவர் முழங்காலுக்கு மேலே, டாஷ்போர்டின் அடிவிளிம்பில் விரலால் தடவிப் பாருங்கள். காலியாக இரண்டு ஸ்க்ரூ துளை தட்டுப்பட்டால், டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டு விற்கிறார் என்று சந்தேகப்படுங்கள். இழுத்தது குற்றமில்லை, மறைப்பதுதான் பிரச்சினை.

அடுத்து சேஸிஸ். பின் அச்சுக்கு மேலே வளையும் இடத்தையும் கேபினுக்குப் பின்னால் இருக்கும் பகுதியையும் டார்ச் அடித்துப் பாருங்கள். நிசான் நவாரா டி40 துரு தின்று உடைவது அந்தக் கேபின் பக்கம்தான். சின்னச் சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், துருப்பிடித்தது மொத்தென்று அமுங்கும். பழைய வண்டியின் அடியில் மட்டும் புத்தம் புதுக் கறுப்புப் பூச்சு இருந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

படகு இழுத்த வண்டியா? ஓடி வந்த சூட்டோடு பின் அச்சு தண்ணீரில் இறங்கும். சட்டென்று குளிர்ந்து உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அச்சுக்குள் காற்று போய்வர விடும் பிரீதர் குழாய் சரியில்லை என்றால் சீல் வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பின் அச்சின் டிஃப்பில் எண்ணெய் ஊற்றும் போல்ட்டைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். ஆயில் பால் கலந்த நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது.

பிறகு மண் தரையில் ஃபோர் வீலும் லோ ரேஞ்சும் (மெதுவாக, அதிக இழுவையோடு போகும் கியர் நிலை) போட்டு ஓட்டுங்கள். பல வருடம் தொடாமல் விட்டதில் லீவரே இறுகிப்போயிருக்கும். ஆட்டோமேட்டிக் கியர் (சுருக்கமாக ஆட்டோ) என்றால் கியர்பாக்ஸின் டிப் ஸ்டிக்கை எடுத்து வெள்ளைத் துணியில் துடையுங்கள். சிவப்பு நல்லது. பழுப்பாகி, தீய்ந்த வாடை அடித்தால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். குளிர்ந்த ஸ்டார்ட்டில் வரும் புகையை நீங்கள் பார்க்கக் கூடாது என்பதுதான் நோக்கம்.

அவசரம்: எந்த பிராண்ட் நல்லது?

மேலே இருக்கிறது.

கிளட்ச் பக்தன்: ஆட்டோவைப் பற்றிப் பேசுகிறீர்களே, இழுவைக்கு மேனுவல்தானே? எல்லா மெக்கானிக்கும் அதைத்தான் சொல்கிறார்கள்.

நான் சொல்லவில்லை. 2 டன்னுக்கு மேல் இழுப்பவருக்கு ஆட்டோதான் என் பரிந்துரை. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது டார்க் கன்வெர்ட்டர் இன்ஜினின் முறுக்கைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்கிக் கொடுக்கும். அங்கே வழுக்குவது எண்ணெய், தேய எதுவுமில்லை. மேனுவலில் அதே வழுக்கலைக் கிளட்ச் தட்டு தாங்க வேண்டும்.

பழைய டிரைவர்: கிளட்ச் போனால் கிளட்சை மாற்றலாம். ஆட்டோ கியர்பாக்ஸ் போனால் வண்டியையே விற்க வேண்டும் ஐயா!

முக்கால்வாசி நியாயம். ஆனால் நவீன டீசல் மேனுவல் பலவற்றில் கிளட்சோடு, அதிர்வை உறிஞ்சும் டூயல் மாஸ் ஃப்ளைவீலும் சேர்ந்து போகும், அந்த பில்லையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஆட்டோ சாவது பெரும்பாலும் சூட்டில். எண்ணெய் 80–95 டிகிரியில் இருக்கும்வரை பயமில்லை. 120ஐத் தாண்டி ஓடிக்கொண்டே இருந்தால் சீக்கிரம் கெடும். தனி கூலர் ஒன்று மாட்டி, எண்ணெயை ஒழுங்காக மாற்றினால் அது நீண்ட நாள் உழைக்கும். “ஆயுளுக்கும் மாற்ற வேண்டாத எண்ணெய்” என்பதை நம்பாதீர்கள். அது யாருடைய ஆயுள் என்று அவர்கள் சொல்வதில்லை.

கிளட்ச் பக்தன்: இறக்கத்தில்? ஆட்டோ பிடிக்காமல் ஓடும்.

பழைய நான்கு கியர் ஆட்டோவில் அது உண்மை, ஒத்துக்கொள்கிறேன். கையால் கியர் இறக்கும் வசதியுள்ள ஐந்து, ஆறு கியர் ஆட்டோவில் அந்தக் குறை வெகுவாகக் குறைந்துவிட்டது. நான் திருப்பிக் கேட்கிறேன்: மேட்டில் டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கும்போது உங்கள் கிளட்ச் வாடை அடிக்கிறதா இல்லையா?

பழைய டிரைவர்: லோ ரேஞ்ச் போட்டு ரிவர்ஸ் எடுத்தால் அடிக்காது.

காய்ந்த தாரில் பார்ட் டைம் வண்டியை லோ ரேஞ்சில் வளைத்தால் மலைப்பாதைக்குச் சொன்ன அதே முறுக்கு. கையால் திருப்பும் லாக்கிங் ஹப் (முன் சக்கரத்தை அச்சோடு பூட்டவும் விடவும் உதவுவது) உள்ள பழைய வண்டியில் ஹப்பை ஃப்ரீயில் விட்டுவிட்டு லோ போட்டால் டூ வீல் லோ கிடைக்கும். முழு முறுக்கும் பின் அச்சிலேயே விழும், அதனால் காலை மென்மையாக வைக்க வேண்டும். ஆமாம், அப்படி எடுத்தால் மேனுவலில் வாடை வராது. உங்களுக்கு அந்தக் கை இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். முதல்முறை கேரவன் கட்டும் குடும்பத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

நடுவில் வந்தவர்: பாத்ஃபைண்டர் ஆட்டோ, 2006. வாங்கலாமா?

அந்த வருடங்களில், சுமார் 2005 முதல் 2010 வரை, ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும் கியர்பாக்ஸ் கூலர் விரிசல் விட்டு, கூலன்ட்டும் கியர்பாக்ஸ் எண்ணெயும் கலந்துவிடும். ரோஸ் நிறக் குழம்பாகிவிட்டால் கியர்பாக்ஸ் முடிந்தது. ரேடியேட்டர் மாற்றிய ஆதாரம் இருந்தால் பாருங்கள். இல்லையென்றால் வாங்கிய அன்றே மாற்றுங்கள், வெளியே தனி கூலரோடு.

உயரமானவன்: மூன்று இன்ச் தூக்கி, பெரிய டயர் போட்ட வண்டி. கம்பீரமாக இருக்கிறது.

நிற்கும்போது கம்பீரம்தான். பெரிய டயர் ஒவ்வொரு கியரையும் நீளமாக்கும், பிரேக்குக்கும் வேலை கூடும். டோ பாலும் மேலே போய் டிரெய்லர் மூக்கைத் தூக்கி நிற்கும், பின்பக்கம் கனத்து ஆடத் தொடங்கும். ஆட ஆரம்பித்தால் வண்டி பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரை விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லர் பிரேக்கைக் கையால் இயக்க முடிந்தால் அதை மட்டும் போடுங்கள்.

சின்ன குடும்பம்: ஆல் வீல் டிரைவ் கிராஸ்ஓவர், சிவிடி (படிப்படியான கியர் இல்லாத ஆட்டோ). 1.8 டன் கேரவன் இழுக்குமா?

கையேடு ஒத்துக்கொண்டாலும் நான் மாட்டேன். இலேசான டிரெய்லருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காகிதம்: காப்பீடு, லைசென்ஸ்?

என் வேலை இல்லை. உங்கள் காப்பீட்டுக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள்.

இன்னொரு படகு: 3.5 டன் என்று போட்டிருக்கிறது, 3.4 டன் படகு, சரிதானே?

முதல் பதில். எடைமேடை.

நகரவாசி: டிபிஎஃப் உள்ள டீசல் தொல்லை என்கிறார்களே?

கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் போனால் தொல்லை. டிபிஎஃப் என்பது புகையில் வரும் கரியைப் பிடிக்கும் வடிகட்டி, அதில் சேர்ந்த கரியை எரிக்கத் தேவையான சூடு வராது. சுமை இழுத்து நீண்ட தூரம் ஓடினால் அதுவே சுத்தமாகிக்கொள்ளும். வாரம் முழுக்க நகரம், வருடத்துக்கு இரண்டு முறை கேரவன் என்றால் பெட்ரோல் வாங்குங்கள்.

மீட்டர்: 90,000 ஓடிய வண்டி, பில் எதுவும் இல்லை. 2,40,000 ஓடியது, எல்லா பில்லும் இருக்கிறது. எது?

இரண்டாவது. பில்களில் கியர்பாக்ஸ் எண்ணெய், டிஃப் எண்ணெய், கூலன்ட் மூன்றும் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். இன்ஜின் ஆயிலை எல்லோரும் மாற்றுவார்கள்.

கடைசிக் கேள்வி: நான் என் டிரெய்லரைக் கொண்டுபோய்க் கட்டி ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். விற்பவர் முடியாது என்றார். காரணமும் சொல்லவில்லை.

வேறு வண்டி பாருங்கள்.