வாசகர் கேள்வி: ரூட் விட்ட காலமும் சோல் பாட்டும்

கேள்வி: எண்பதுகளின் தொடக்கத்தில், கல்லூரி நாட்களில், அண்ணன் வாங்கி வந்த கேசட்டில் இங்கிலீஷ் சோல் பாட்டு கேட்டு உருகியவள் நான். போன வாரம் ஒன்பதாவது படிக்கும் பேத்தியிடம் "அப்போ ஒருத்தன் எனக்கு ரூட் விட்டான்" என்றேன், "எந்த பஸ் ரூட், பாட்டி?" என்கிறாள்! அதே பாட்டை போனில் போட்டால் மட்டும் "செம" என்று கேட்கிறாள். பாட்டு நிற்கிறது, பேச்சு மட்டும் ஏன் இப்படிப் பழசாகிறது?
(வாசகி, குன்னூர்)

பதில்: அக்கா, அந்தப் பாட்டின் பெயருக்கே அதே கதிதான். அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டுகளைத் தரவரிசைப்படுத்திய பில்போர்டு பத்திரிகை 1949இல் 'ரிதம் அண்ட் புளூஸ்' என்றது, 1969இல் 'சோல்' என்றது, 1982இல் 'பிளாக்' என்று மாற்றி, 1990இல் பழையபடி ரிதம் அண்ட் புளூஸுக்கே வந்து சேர்ந்தது.

பாட்டு நிற்பதற்குக் காரணம் அது பிறந்த இடம் என்பேன். சோல் பாடகர் சாம் குக் தேவாலயப் பாடல் குழுவில் பாடி வளர்ந்தவர், சோல் பாடகி அரீதா ஃபிராங்க்ளினின் அப்பா பாதிரியார். கடவுளைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டையிலேயே காதலைக் கூப்பிட்டார்கள். நம்ம ஆண்டாள் காதல் பேச்சை எடுத்துக்கொண்டு கண்ணனிடம் போனாள், இவர்கள் அதே வழியில் எதிர்ப்பக்கமிருந்து வந்தவர்கள். இன்னொரு சோல் பாடகர் அல் கிரீன் பாடுவதைக் கவனியுங்கள், வரி முடியும்போது குரல் மெலிந்து மேலே ஏறிக் கிட்டத்தட்ட வெறும் மூச்சாகிவிடும், பின்னால் டிரம் அவசரப்படவே படாது. அவரும் 1976இல் மெம்பிஸில் ஒரு தேவாலயத்துக்குப் பாதிரியாரானார். மூச்சுக்கு ஏது பழைய வழக்கு?

பேச்சு அப்படியில்லை, ஒவ்வொரு செட்டுக்கும் பெரியவர்களுக்குப் புரியாத சொல் ஒன்று வேண்டும். ரூட் போய்க் கடலை வந்தது, இப்போது க்ரஷ். எனக்கென்னவோ 'ரூட்'தான் பிடிக்கும், உங்கள் குன்னூரில் சிம்ஸ் பார்க்கிலிருந்து பெட்ஃபோர்டு வரை ஒரு வார்த்தை பேசாமல் பின்னாலேயே நடந்த கால்வலி அதில் இருக்கிறது. (இன்றைய பெண் அதைத் தொல்லை என்பாள், அது நியாயம்தான்.)

சரி, அந்தக் கேசட் இன்னும் இருக்கிறதா? எடுத்தவுடன் போட்டுவிடாதீர்கள். கோத்தகிரி வீட்டில் ஜூலை மழை ஈரத்தில் என் கேசட் ஒன்று பாழானது, நாடா ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூசணம். அப்படியே ஓட்டினால் பிளேயரின் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், சுத்தமாக இருந்தால் பென்சிலை விட்டு நாலு சுற்று சுற்றி, நாடா ஒட்டாமல் வருகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் பேத்தியைக் கூப்பிடுங்கள்.