குளிர்ந்த தண்ணீர் பட்டால் ஷாக்: ஆக்ஸாலிபிளாட்டின் ஊசியைத் தொடரலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 56 வயது. பெருங்குடல் புற்றுநோய், மூன்றாம் நிலை. அறுவை சிகிச்சை முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆக்ஸாலிபிளாட்டின் டிரிப்பும் வீட்டில் கேபசிடபைன் மாத்திரையும் தொடங்கியிருக்கிறார்கள். முதல் டிரிப் போட்ட அன்று இரவு ஃபிரிட்ஜிலிருந்து மாவுப் பாத்திரத்தை எடுத்தபோது விரல்களில் ஷாக் அடித்தது. ஜில்லென்று தண்ணீர் குடித்ததும் தொண்டை அடைத்து, மூச்சே நின்றுவிட்டதுபோல் இருந்ததாம். நான்கு நாளில் சரியாகிவிட்டது. சர்க்கரை நோயும் இருக்கிறது. "இந்த ஊசி நரம்பைக் கெடுத்துவிடும், நிறுத்திவிடு" என்கிறார்கள் உறவினர்கள். நிறுத்தலாமா? – மகள், விழுப்புரம்.

பதில்: இந்தக் காரணத்துக்காக நிறுத்த வேண்டாம். அம்மாவுக்கு வந்தது இந்த மருந்தைப் போட்டுக்கொள்ளும் பெரும்பாலானோருக்கு வருவதுதான். டிரிப் ஏறிய சில மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் தொடங்கி, ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். அடுத்த டிரிப்பிலும் வரும். குளிர்ச்சி பட்டால் நரம்பு கண்டபடி துடிப்பதுதான் இது, நரம்பு செத்துப்போவதல்ல. ஆனால் இதே ஊசியால் இன்னொரு வகை நரம்புப் பாதிப்பும் வரும். அது சத்தமில்லாமல் வரும். உங்கள் கவனம் அதன்மேல்தான் இருக்க வேண்டும்.

முதலில் குளிர்ச்சியைச் சமாளிப்பது. டிரிப் போட்ட நாளிலிருந்து குறைந்தது ஐந்தாறு நாள் ஃபிரிட்ஜை அம்மா திறக்கவே வேண்டாம். மாவு, தயிர், காய் எதுவானாலும் வேறு யாராவது எடுத்து வெளியே வைத்து, குளிர் விட்ட பிறகு கொடுங்கள். குடிப்பது வெதுவெதுப்பான தண்ணீராக இருக்கட்டும். காலையில் பல் துலக்கவும் முகம் கழுவவும் சுடுதண்ணீர் கலந்துகொள்ளுங்கள். டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது காரில் ஏசி வேண்டாம். கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு போட்டுக்கொள்ளட்டும். வேறு சில கீமோ மருந்துகளுக்கு வாய்ப்புண் வராமலிருக்க ஐஸ் சப்பச் சொல்வார்கள். அந்த யோசனையை இந்த மருந்துக்குப் பின்பற்றக் கூடாது.

தொண்டை அடைத்தது பயமுறுத்தும் அனுபவம்தான். உண்மையில் மூச்சுக்குழாய் அடைபடுவதில்லை. தொண்டை நரம்புகளின் உணர்வு மாறுவதால் மூச்சு போகவில்லை என்று தோன்றுகிறது. இளஞ்சூடான தண்ணீரை மெல்ல விழுங்கி, வெதுவெதுப்பான காற்றை மூச்சாக இழுத்தால் சற்று நேரத்தில் விட்டுவிடும். அடுத்த முறை போகும்போது இதைக் கட்டாயம் சொல்லுங்கள். வழக்கமாக 2 மணி நேரத்தில் ஏற்றும் டிரிப்பை 6 மணி நேரம் வரை நீட்டி ஏற்றினால் இந்தத் தொல்லை குறையும். ஆனால் மூச்சுத்திணறலோடு உடம்பில் தடிப்பு, உள்ளங்கை அரிப்பு, முகவீக்கம், வியர்வை, மயக்கம் எது சேர்ந்தாலும் அது ஒவ்வாமை. பல டிரிப்புகள் நன்றாகப் போன பிறகும் திடீரென வரக்கூடியது. டிரிப் ஓடும்போது உள்ளங்கை அரித்தால்கூட உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும்.

இப்போது சத்தமில்லாமல் வருவதைப் பார்ப்போம். இந்த மருந்தில் இருக்கும் பிளாட்டினம், முதுகுத்தண்டை ஒட்டியுள்ள உணர்வு நரம்பு செல்களில் ஒவ்வொரு டிரிப்பிலும் சிறிது சிறிதாகச் சேர்கிறது. விரல் நுனியிலும் பாதத்திலும் மரத்துப்போதல், குறுகுறுப்பு. தொடக்கத்தில் அடுத்த டிரிப்புக்குள் விட்டுவிடும். பிறகு விடாமல் தங்கிவிடும். அம்மாவிடம் "மரத்துப்போகிறதா?" என்று மட்டும் கேட்காதீர்கள், "பரவாயில்லை" என்பார். ரவிக்கை ஹூக் மாட்ட முடிகிறதா, ஊக்கு குத்த வருகிறதா, பூத்தொடுக்க முடிகிறதா, செருப்பு கழன்றது தெரிகிறதா என்று ஒவ்வொரு டிரிப்புக்கும் முந்தைய நாள் பாருங்கள். ஒன்றில் தடுமாறினாலும் எழுதிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். ஊசியை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து பலர் மறைக்கிறார்கள். அது மிகவும் தவறு. அளவைக் குறைக்கலாம், தேவைப்பட்டால் ஆக்ஸாலிபிளாட்டினை மட்டும் விட்டுவிட்டு மாத்திரையைத் தொடரலாம். மறைத்துவிட்டால், கடைசி டிரிப் முடிந்த பிறகும் சில மாதம் மரத்துப்போதல் கூடிக்கொண்டே போகும். அப்போது குறைப்பதற்கு ஊசி இருக்காது.

நரம்பு எவ்வளவு பாதிக்கும் என்பது மொத்த அளவைப் பொறுத்தது. இந்த முறையில் ஒரு டிரிப்புக்கு உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 130 மி.கி. உயரம் 155 செ.மீ., எடை 58 கிலோ உள்ள பெண்ணுக்குப் பரப்பு சுமார் 1.58 ச.மீ. என்பதால் 205 மி.கி. வரும். எட்டு டிரிப் என்றால் ஆறு மாதம், நான்கு என்றால் மூன்று மாதம். எது வேண்டும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆறு ஆய்வுகளைச் சேர்த்து 12,834 நோயாளிகளிடம் பார்த்த முடிவுகள் 2018-இல் வெளிவந்தன. குடல் சுவரின் மிக ஆழம்வரை போகாமல், மூன்று நெறிக்கட்டிகளுக்குள் மட்டும் பரவியிருந்தவர்களுக்கு இந்த ஊசி-மாத்திரை முறையில் மூன்று மாதமே ஏறக்குறைய அதே பலனைத் தந்தது. கவனிக்கத்தக்க நரம்புப் பாதிப்போ ஆறு மாதம் எடுத்தவர்களில் நூற்றுக்கு 45 பேருக்கு; மூன்று மாதத்தில் 14 பேருக்கு. நெறிக்கட்டிகள் நான்கோ அதற்கு மேலோ என்றால் கணக்கு மாறும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு தந்த பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்களுக்கு நான்கா, எட்டா?" என்று நேராகக் கேளுங்கள். உறவினர்கள் சொல்லும் "நிறுத்து" என்பதைவிட இந்தக் கேள்விதான் அம்மாவின் நரம்பைக் காக்கும்.

சர்க்கரை நோயைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த மருந்தைக் குளுக்கோஸ் பாட்டிலில்தான் கலக்க வேண்டும். சலைனில் உள்ள குளோரைடு மருந்தைச் சிதைத்துவிடும் என்பதால், "சர்க்கரை இருக்கிறது, சலைனில் போடுங்கள்" என்று கேட்காதீர்கள். சர்க்கரையை அதிகம் ஏற்றுவது வாந்திக்கு முன்கூட்டியே தரும் டெக்ஸாமெத்தசோன்தான். இரண்டு மூன்று நாள் குளுக்கோமீட்டரில் பார்த்து, சர்க்கரை மாத்திரையின் அளவை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுபவரானால் வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைந்திருந்தாலும் கால் மரத்துப்போகும்.

கையில் ஏற்றும்போது ரத்தக்குழாய் நெடுக வலித்தால் வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுக்கலாம், ஐஸ் கூடாது. ஊசி குத்திய இடத்தில் வீங்கினால் உடனே டிரிப்பை நிறுத்தச் சொல்ல வேண்டும்.

கேபசிடபைனை, உணவு சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் காலையும் இரவும் 14 நாள் போட்டு, 7 நாள் விட வேண்டும். மரத்துப்போகிறதே என்று மருந்துக்கடையில் நீங்களாக பி-காம்ப்ளெக்ஸ் வாங்கிக் கொடுக்காதீர்கள். பலவற்றில் ஃபோலிக் ஆசிட் இருக்கிறது. அது கேபசிடபைனின் வாய்ப்புண்ணையும் வயிற்றுப்போக்கையும் கடுமையாக்கும். மரத்துப்போவதை அந்த மாத்திரை தடுக்கும் என்பதற்கு நிரூபணமும் இல்லை. எரிச்சலும் வலியுமாக இருந்தால் டுலாக்செடின் என்ற மாத்திரைக்கு ஓரளவு பலன் உண்டு. மருத்துவர்தான் எழுத வேண்டும். சித்த மருந்தோ லேகியமோ தருவதாக இருந்தால் பெயரைக் காட்டிக் கேட்ட பிறகே கொடுங்கள். வார்ஃபரின் போன்ற ரத்த உறைவு மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் இன்றே சொல்லிவிடுங்கள். கேபசிடபைனோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம்.

வீட்டில் தெர்மாமீட்டர் அவசியம். 100.4 டிகிரிக்கு மேல் போனால் பாராசிட்டமால் போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. இரவானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். வெள்ளை அணுக்கள் குறைந்த நேரத்தில் கிருமி சில மணி நேரத்தில் உடம்பெங்கும் பரவும். ஒரு நாளில் வழக்கத்தைவிட நான்கு தடவையோ அதற்கு மேலோ கூடுதலாக வயிற்றோட்டம் போனால் கேபசிடபைனை அன்றே நிறுத்தி, ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டு போன் செய்யுங்கள். விட்டுப்போன மாத்திரையைப் பிறகு சேர்த்துப் போட வேண்டியதில்லை. டிரிப் போட்ட இரண்டு நாள் அவருடைய வாந்தி, சிறுநீர், மலம் பட்ட துணிகளைக் கையுறை போட்டு எடுத்து, தனியாகத் துவையுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலையை அவர் செய்யக் கூடாது.