அடக்க விலை தெரியாத துரைமார்

கேள்வி: ஒரு காலத்தில் உலகுக்கே கார் அனுப்பிய நாடு பிரிட்டன். ஆஸ்டின், மோரிஸ், டிரயம்ஃப், ரோவர் என்று எத்தனை பெயர்கள்! இன்று சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரு பெரிய கார் கம்பெனிகூட அங்கே இல்லை. சங்கம் வைத்துக் கொடி பிடித்தே எல்லாவற்றையும் தொழிலாளர்கள் அழித்துவிட்டார்கள். நம் பக்கத்தில் கொடி ஏற்றுகிறவர்களுக்கு இந்தக் கதையை எடுத்துச் சொல்ல வேண்டாமா?
– உதிரிபாகப் பட்டறை நடத்தும் வாசகர், ஓசூர்

பதில்: தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் முழுசாகச் சொல்லுங்கள்.

நீங்கள் பட்டறைக்காரர். லேத்தில் ஒரு புஷ் கடைந்து கொடுத்தால் இரும்பு எவ்வளவு, கூலி எவ்வளவு, கரன்ட் எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். 1959-இல் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் மினி காரை இறக்கியது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த வண்டி. எஞ்சினைக் குறுக்காகத் திருப்பிப் போட்டு, முன் சக்கரத்துக்கே இழுவையைக் கொடுத்து, பத்தடி நீளத்தில் நாலு பேரை உட்கார வைத்த சாமர்த்தியம். இன்று நம் தெருவில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவைதான். வரியோடு சேர்த்து விலை 500 பவுண்டுக்கும் கொஞ்சம் குறைவு. போட்டிக் கம்பெனியான ஃபோர்டு ஒரு மினியை வாங்கிப் போய் நட்டு, போல்ட் வரை கழற்றிப் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் விலை போட்டுப் பார்த்தது. ஒரு காருக்குச் சுமார் 30 பவுண்டு கைநஷ்டம் என்று கணக்கு வந்ததாம். செய்தவர்கள் இல்லை என்று மறுத்தார்கள். சரி, நஷ்டம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். லட்சக்கணக்கில் விற்ற வண்டி, அடுத்த மாடலுக்குப் போடும் அளவுக்குப் பணம் சம்பாதித்துத் தரவில்லை. விலைச் சீட்டு எழுதியவர் சங்கத்துக்காரர் இல்லையே?

அதற்கு முன்பு அவர்களுக்குக் கணக்குப் பார்க்கும் அவசியமே இருந்ததில்லை. 1950-இல் ஜெர்மனியும் ஜப்பானும் போரில் இடிந்து கிடந்தன. கார் ஏற்றுமதியில் பிரிட்டன்தான் உலகில் முதலிடம். எதைச் செய்தாலும் விற்ற காலம் அது.

அப்புறம் 1968. பிரதமர் ஹரால்டு வில்சனின் அரசு கல்யாணத் தரகர் வேலை பார்த்தது. லாரி, பஸ் செய்துவந்த லேலண்டு அதற்குள் டிரயம்ஃபையும் ரோவரையும் வாங்கி வைத்திருந்தது. மினியைச் செய்த ஆஸ்டின், மோரிஸோடு ஜாகுவாரும் சேர்ந்தது இன்னொரு வீடு. இரண்டையும் சேர்த்து பிரிட்டிஷ் லேலண்டு என்று தாலி கட்டி வைத்தார்கள். ஒரே கூரை, ஆனால் அடுப்பு மட்டும் தனித்தனி. ரோவர் 2000, டிரயம்ஃப் 2000 இரண்டும் ஒரே மாதிரி ஆளுக்கு விற்கும் கார்கள். ஒரே கம்பெனிக்குள் வந்த பிறகும் கிட்டத்தட்ட பத்து வருஷம் ஒன்றோடொன்று போட்டி போட்டன.

டிரயம்ஃப் ஸ்டாக் கதை இதைவிட வேடிக்கை. 1970-இல் வந்த அழகான கார். அதற்கு எட்டு சிலிண்டர் எஞ்சின் தேவை. பக்கத்து வீடான ரோவரிடம் நல்ல மூன்றரை லிட்டர் எஞ்சின் தயாராக ஓடிக்கொண்டிருந்தது. அது எங்கள் வண்டிக்குள் அடங்காது என்று சொல்லிவிட்டு, டிரயம்ஃப்காரர்கள் தங்களுக்கென்று தனியாக மூன்று லிட்டர் எஞ்சின் ஒன்றைச் செய்தார்கள். அது சூடேறிச் சூடேறியே பெயரைக் கெடுத்துக்கொண்டது. கார் வாங்கியவர்களில் சிலர் கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? அதைக் கழற்றிவிட்டு ரோவர் எஞ்சினை வாங்கிப் பொருத்திக்கொண்டார்கள். அடங்கியது.

1973-இல் ஆஸ்டின் அலெக்ரோ என்று ஒரு கார் வந்தது. அதன் ஸ்டியரிங் வட்டமாக இருக்காது. மூலை மழுங்கிய சதுரம். முட்டி இடிக்காதாம்! இதை ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து தலையாட்டி அனுமதித்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

சங்கங்கள் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லை. நாலு பேர் கருவியைக் கீழே வைத்தால் நாலாயிரம் பேர் கை கட்டி நிற்கும் நிலைமை இருந்தது. பிரிட்டிஷ் லேலண்டின் லாங்பிரிட்ஜ் ஆலையில் 1978–79-இல் மட்டும் 523 தகராறுகள் என்று கணக்குச் சொல்வார்கள். கம்பெனி 1975-லேயே அரசு கைக்குப் போய்விட்டது. ஆகவே ஒவ்வொரு தகராறும் மக்கள் வரிப்பணத்தில்தான் நடந்தது. அந்த ஆலையின் தொழிற்சங்கத் தலைவர் டெரெக் ராபின்சனைப் பத்திரிகைகள் 'சிவப்பு ராபோ' என்று எழுதின. 1979 நவம்பரில் கம்பெனித் தலைவர் மைக்கேல் எட்வர்ட்ஸின் நிர்வாகம் அவரை வீட்டுக்கு அனுப்பியது. அவருக்காக வேலைநிறுத்தம் செய்யலாமா என்று பக்கத்துப் பூங்காவில் தொழிலாளர்களைக் கூட்டிக் கை தூக்கச் சொன்னார்கள். வேண்டாம் என்றவர்கள் சுமார் 14,000 பேர். வேண்டும் என்றவர்கள் 600 பேர். கொடி பிடித்தே அழித்ததாக நீங்கள் சொல்கிற தொழிலாளர்கள் இவர்கள்தான்.

1986-இல் ஜப்பான் கம்பெனியான நிசான், இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் ஆலை திறந்தது. கப்பல் கட்டும் தொழிலும் நிலக்கரியும் சரிந்து, வேலையில்லாமல் கிடந்த ஊர். அங்கேயும் சங்கம் உண்டு. ஒரே ஒரு சங்கம் என்று ஒப்பந்தம். அதே இங்கிலாந்துத் தொழிலாளி, அதே டீ, அதே மழை. 90-களின் முடிவில் ஆள் தலைக்கு அதிகக் கார் செய்யும் ஆலை என்று ஐரோப்பாவிலேயே பெயர் வாங்கியது. இன்னொன்று. தொழில் அழிந்துவிட்டது என்று நீங்கள் எழுதுவதும் சரியில்லை. 1972-இல் அந்த நாடு செய்த கார்கள் 19 லட்சம். 2016-இல் 17 லட்சம். நடுவில் சரிந்து மீண்டது; 2016-க்குப் பிறகு மறுபடியும் கடகடவென்று இறங்கியது. போனது உள்நாட்டு முதலாளிமார்.

இந்தச் சீக்கு நம் வண்டலூர் வரைக்கும் வந்தது. டிரயம்ஃபின் தாய்க் கம்பெனியான, இங்கிலாந்தின் கவென்ட்ரி நகர ஸ்டாண்டர்டு கம்பெனியின் கூட்டோடு தொடங்கியதுதான் மெட்ராஸ் ஸ்டாண்டர்டு மோட்டார். முன்பக்கம் முழுவதையும் தூக்கித் திறக்கும் ஹெரால்டு காரைப் பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1985-இல் அவர்கள் ஸ்டாண்டர்டு 2000 காரைக் கொண்டுவந்தார்கள். வெளியே, 1977-இல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பரிசு வாங்கிய ரோவரின் உடல். உள்ளே, 40-களில் பிறந்த வான்கார்டு எஞ்சினின் வாரிசு. பட்டு வேட்டிக்குள் கோவணம் கிழிந்த கதை. மாருதி ஓடத் தொடங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது, யார் வாங்குவார்கள்?

இனி கடைசிக் காட்சி. பிரிட்டிஷ் லேலண்டில் மிஞ்சிய கார் தொழில் ரோவர் என்ற பெயரில் ஜெர்மன் கம்பெனியான பி.எம்.டபிள்யூ. கைக்குப் போயிருந்தது. 2000-இல் பி.எம்.டபிள்யூ., மினியை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டு, லேண்ட் ரோவரை ஃபோர்டுக்கு விற்றது. மிச்சமிருந்த ரோவரை நான்கு தொழிலதிபர்கள் வாங்கினார்கள். விலை 10 பவுண்டு. புது மாடல் செய்யப் பணமில்லாமல், நம் புனேயில் செய்த டாடா இண்டிகாவை வாங்கி சிட்டிரோவர் என்று பெயர் ஒட்டி விற்றார்கள். 2005 ஏப்ரலில் கம்பெனி விழுந்தது. சுமார் 6,000 பேருக்கு வேலை போயிற்று. அந்த ஐந்து வருஷத்தில் அந்த நால்வரும் தலைமை நிர்வாகியுமாக ஐந்து பேர் சம்பளம், ஓய்வூதியம் என்று எடுத்துக்கொண்டது சுமார் 4.2 கோடி பவுண்டு என்று அரசு விசாரணை அறிக்கை 2009-இல் சொன்னது. தொழிலாளருக்கென்று வாக்குக் கொடுத்த நிதியில் எல்லாம் போக மிஞ்சியதைப் பங்கு போட்டுப் பார்த்தால், தலைக்கு ஏறக்குறைய 3 பவுண்டு.

எடுத்துச் சொல்லும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.