மாடு எதைக் கண்டு மிரள்கிறது?

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில், செம்பனைத் தோட்டங்களை ஒட்டி மாடு, ஆடு வளர்ப்பவர்களின் கேள்விகள் சிலவற்றுக்கு இங்கே பதில்.

லோரியில் ஏறாமல் மாடு அடம்பிடிக்கிறது. வாலை முறுக்கியும் பிரம்பால் அடித்தும் நகரவில்லை. வேறு வழி உண்டா?

உண்டு. முதலில் பிரம்பைக் கீழே போடுங்கள். பிறகு மாட்டின் கண் உயரத்துக்குக் குனிந்து, அது போகவேண்டிய வழியை ஒருமுறை பாருங்கள். பலகைக்கும் லோரித் தட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா? கான்வாஸ் காற்றில் படபடக்கிறதா? சங்கிலி தொங்கி ஆடுகிறதா? மாட்டுக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறையச் சுற்றிலும் தெரியும். ஆனால் ஆழம் சட்டென்று பிடிபடாது. தரையில் விழும் நிழல்கூட அதற்குப் பள்ளம்தான். தலையைத் தாழ்த்தி முகர்ந்து பார்க்க அரை நிமிடம் விட்டால், பெரும்பாலும் தானே காலெடுத்து வைக்கும். அந்த நேரத்தில் அடி விழுந்தால் அடுத்த முறை லோரியைத் தூரத்தில் கண்டாலே இழுக்கும்.

பலகையின் சரிவு 20 பாகைக்கு மேல் வேண்டாம். தட்டு 1 மீட்டர் உயரமென்றால் பலகை 3 மீட்டராவது நீளம் இருக்கவேண்டும். பழைய கதவொன்றைச் செங்குத்தாகச் சாய்த்து வைத்துவிட்டு மாட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. குறுக்குச் சட்டங்களை 20 சென்டிமீட்டர் இடைவெளியில் அடியுங்கள். இரு பக்கமும் பிளைவூட் வைத்து அடைத்தால் வெளியே ஓடும் நாயும் மோட்டார் சைக்கிளும் கண்ணில் படாது. தட்டில் சாணி ஈரம் இருந்தால் கழுவி மணல் தூவுங்கள். ஒருமுறை வழுக்கிய மாடு அடுத்த அடி வைக்காது.

நேர் பின்னால் நிற்காதீர்கள். அங்கே நிற்பவர் மாட்டின் கண்ணுக்குத் தெரியமாட்டார், உதைதான் வாங்குவார். கணக்கு முன்தோளில் இருக்கிறது. தோளுக்குச் சற்றுப் பின்னே, பக்கவாட்டில் நின்று ஓரடி நெருங்கினால் முன்னே நகரும். தோளைத் தாண்டி முன்னால் போனால் பின்வாங்கும். நகர்ந்ததும் நீங்களும் ஓரடி விலகிவிடவேண்டும். விடாமல் நெருக்கினால் திரும்பிப் பாயும்.

வாலை முறுக்கினால் வாலெலும்பு முறியும். அடிபட்ட இடத்தில் ரத்தம் கட்டும். அறுத்தபின் அந்த இறைச்சியை வெட்டி எறியவேண்டும். அந்த நட்டம் யார் தலையில் விழும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆள் மாறியதிலிருந்து மாடு பாலை அடக்குகிறது. காரணம் என்ன?

பயம். மடியைத் தடவிக் கழுவும்போது ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து பால் இறங்கும். அதன் வேகம் சில நிமிடங்கள்தான். அதட்டல், அடி, புதுச் சத்தம் ஏதாவது வந்தால் அட்ரினலின் என்ற பயத்தின் ஹார்மோன் சுரந்து அதைத் தடுத்துவிடும். பழைய ஆளும் புது ஆளும் சில நாள் சேர்ந்து கறக்கட்டும். மடியைக் கழுவி ஒரு நிமிடத்துக்குள் கறக்கத் தொடங்குங்கள். ஒரு காம்பைத் தொட்டால் மட்டும் உதைக்கிறதென்றால் கதை வேறு: முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரி திரியாக வந்தால் மடிநோய், மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கன்று ஈன்ற மாடு எழவில்லை. கயிறு கட்டி லோரிக்கு இழுக்கலாமா?

கூடாது. சுண்ணாம்புச் சத்துக் குறைவாக இருக்கலாம். அது மருத்துவர் ஊசியில் தேறக்கூடியது. அவர் வரும்வரை மணல் அல்லது வைக்கோல் மெத்தையில், ஒருக்களித்து விழாமல் நெஞ்சு தரையில் படும்படி முட்டுக்கொடுங்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் அடியில் சிக்கிய காலின் தசை செத்துப்போகும்.

கொம்பு வளராமலிருக்க அதன் மொட்டைச் சூட்டுக்கோலால் நாமே சுடலாமா?

மாட்டுக் கன்றுக்கு 2 மாதத்துக்குள், கொம்பு மொட்டு மண்டையோட்டில் ஒட்டுமுன் செய்யவேண்டும். மரப்பு ஊசி போட்டு, அது பிடிக்க 5 முதல் 10 நிமிடம் பொறுக்கவேண்டும். ஆட்டுக்குட்டிக்குக் கட்டாயம் மருத்துவர்தான். அதன் மண்டையோடு மெல்லியது, சூடு மூளைவரை இறங்கும்.

செம்பனை மரத்தில் கட்டிவைத்தால் சட்டப்படி குற்றமா?

கட்டுவது குற்றமல்ல; தண்ணீரும் நிழலுமின்றி வதைபட விடுவதுதான் சிக்கல். 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தில் கொடுமைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 3 ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும். 400 கிலோ மாடு வெயில் நாளில் 40 லிட்டர் குடிக்கும்; ஒரு வாளி காணாது. மரத்தைச் சுற்றிச் சுற்றிக் கயிறு குறுகித்தான் பல மாடுகள் நிழலை விட்டு வெயிலில் மாட்டிக்கொள்கின்றன. மரத்துக்குப் பதில் தரையில் முளையடித்து, கயிற்றின் நடுவே சுழலும் கொக்கி ஒன்றைப் போடுங்கள்.